நாடாவுக்குக் கீழே

அண்ணி, இன்று திண்டிவனம் கல்லூரியில் உண்ணிக் காய்ச்சல் கிருமியைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் புல் வெட்டிய வாசனை வந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். பாடத்தை நிறுத்த முடியாதே, நடத்தி முடித்தேன்.

நம் ஊர் காணையில் மல்லாட்டைச் செடிக்குக் களை எடுத்துவிட்டுப் புல்கட்டோடு வருவீர்கள். "என்னா டீச்சரம்மா, கண்ணுக்குத் தெரியாத பூச்சிய காட்டியே சம்பளம் வாங்கிக்கினு கீறியே!" என்று சிரிப்பீர்கள். அந்தப் புல்லில்தான் இருந்தது, ஊசிமுனையளவு உண்ணிக் குஞ்சு ஒன்று. தாய் முட்டையிலேயே கொடுத்தனுப்பிய கிருமி அதற்குள். கடித்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல், அந்தக் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. சனியன், பையைக் கிழித்துக்கொண்டு வந்து செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. வெளியே தனியாகப் பிழைக்கத் துப்பில்லை அதற்கு. கிளம்பும்போது அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகிறது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாகப் பொருக்குத் தட்டும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், "உடம்புல எங்கனா கருப்பா புண்ணு இருக்குதாம்மா?" என்று. "ஒண்ணுமில்லீங்க" என்றீர்களாம். அண்ணன்தான் சொன்னான். பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி இடுப்பு கருத்துப்போகாத பெண் நம் ஊரில் யார்? அதைப் புண் என்று யார் சொல்வார்கள், அதுவும் ஆண்கள் சுற்றி நிற்கையில்? கடைசி வரை டெங்கு என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தோடு தெரிந்திருந்தால் சாதாரண மாத்திரை போதும், அண்ணி. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உங்களை எடுப்பதற்கு முன் குளிப்பாட்டும்போது நான்தான் நாடாவை அவிழ்த்தேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் ஓரிடம் மட்டும் கருப்பாகவே இருந்தது. "நாடாத் தழும்புடி, வுடு" என்றார் பெரியம்மா. இல்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே படம். வாய்விட்டுக் கத்தினேன். கத்தி என்ன ஆகப் போகிறது?

அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் சொன்னாலும் இடுப்பைப் பார்க்கச் சொல்கிறேன். உங்களோடு களை எடுத்த செல்விக்கு இப்போது காய்ச்சல். முந்தாநாள் போய்க் கேட்டேன். "அய்யே, இன்னா பேசற நீ? நாடாத் தழும்பைப் போயி யாராச்சும் காட்டுவாங்களா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காய்ச்சல் இறங்கவில்லையாம். சாயங்காலம் மறுபடியும் போகிறேன். திறக்க மாட்டாள் என்று தெரிந்தேதான் போகிறேன்.