ஹானா கொடுத்துவிட்ட சாவி

ஜனவரி 12, 1955. புதன்.

அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள் வந்துவிட்டன. இங்கிலீஷில் எழுபத்தொன்று, வகுப்பில் முதல். கணக்கைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சாயங்காலம் அப்பா கூட்ஸ் ஆபீசிலிருந்து வந்தபோது சைக்கிள் கேரியரில் ஒரு தடித்த புத்தகம். ரயில்வே நூலகத்தில் என் தொந்தரவுக்காகச் சொல்லிவைத்து வாங்கி வந்திருக்கிறார். விக்டோரியா மகாராணி காலத்து நாவல். எட்டு வயதில் தாய் தகப்பனை இழந்த ஹானா என்ற பெண் வளர்ந்து ஆளாகிற கதை.

வழக்கமான ஏற்பாடுதான். நான் படிக்க வேண்டியது. அப்பா சாப்பிட உட்காரும்போது தமிழில் சொல்ல வேண்டியது. அப்பா எட்டாவதோடு நிறுத்தியவர். "முடிவை மட்டும் முன்னாடியே சொல்லிடு இருசு, இல்லாட்டி சோறு எறங்காது" என்பார். நான் சொன்னதே இல்லை. கதை முடிகிற வரைக்கும் வெறும் ரசச் சோற்றோடு எத்தனை நாள் காத்திருந்திருக்கிறார்!

ஜனவரி 20.

இன்று ஹானாவை மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா கையைப் பிசைந்த சோற்றிலேயே வைத்துக்கொண்டு, "அந்த மாமன் வெளங்குவானா?" என்றார். அம்மா, "கதைக்குப் போய் சாபமா? சாப்பிடுங்க" என்றாள்.

ஜனவரி 30. ஞாயிறு.

முடித்துவிட்டேன். ஹானா படித்து உபாத்தியாயினி ஆகிவிட்டாள். மில் முதலாளி இரண்டு தடவை வந்து கட்டிக்கொள்ளக் கேட்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவள் மாட்டேன் என்கிறாள். கடற்கரை ஊரில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் கதவைத் திறந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் பிள்ளை வருவதற்காக வாசலில் நிற்கிறாள். அவ்வளவுதான்.

அப்பா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். அப்புறம், "சாவியை இடுப்புல செருகினா பாரு, அது பொண்ணு" என்றார். "நீ பரீட்சையை நல்லா எழுது. காலேஜுக்கு அனுப்பறேன். சொன்னா சொன்னதுதான்."

அம்மா அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன். எழுதிவைக்கவில்லை என்றால் மறந்துபோகும் என்று எழுதுகிறேன்.

கடைசி அத்தியாயத்தை நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன். பதினோரு பக்கம். விரல் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 9. புதன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ரோசரி ஓடி வந்து சொன்னாள்: ஹானா கதையை ஹாலிவுட்டில் படமாக எடுத்திருக்கிறார்களாம்! பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய படம். அவள் அப்பா விக்டர் மாமா ஆபரேட்டராக இருக்கும் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலைக் காட்சி. கேட்டுப் பார்க்கலாமா? எங்கள் வீட்டில் சாமி படத்துக்கே இரண்டு நாள் அழ வேண்டும்.

கேட்டேன். அப்பா, "பார்க்கலாம்" என்றார்.

பிப்ரவரி 11.

போகலாமாம்! அம்மாவும் வருகிறாளாம்! அப்பா நேரில் போய் விக்டர் மாமாவிடம் டிக்கெட் சொல்லிவிட்டு வந்தாராம். யார் வீட்டு அப்பா இப்படி? ரோசரியைக் கட்டிப்பிடித்தேன். அவளுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம் இல்லை. தலைவலி என்றாள்.

பிப்ரவரி 13. ஞாயிறு.

ஒழுங்காக எழுத வேண்டும். முதலிலிருந்து.

காலையில் அம்மா மாம்பழக் கலர் பட்டுப் பாவாடையை எடுத்து வைத்திருந்தாள். "படம் பார்க்க யாராச்சும் பட்டு கட்டுவாங்களா?" என்றதற்கு, "டவுனுக்குப் போறோம்ல" என்றாள். தலை கொள்ளாமல் பூ. பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். என் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம் என்று நினைத்தேன்.

பாதி வரை படம் நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படி, மாமா, மழை எல்லாம் நான் நினைத்த மாதிரியே. இடைவேளையில் எங்களுக்குப் பின்வரிசையில் முசிறிப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர்களாம். "அட, நீங்களுமா!" என்று அப்பா எழுந்து கும்பிட்டார். பொன்னுத்தாய் என்ற அம்மாள், அவர் மகள், மகன். அந்த அம்மாள் என் பின்னலை எடுத்துப் பார்த்து, "சவுரி இல்லியே?" என்று சிரித்தார். அப்பா என்னிடம், "போய் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிட்டு வாம்மா" என்றார். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பட்டுப் பாவாடைதான் காரணம் என்று நினைத்துக் கூசிப்போனேன்.

அப்புறம் கடைசிக் கட்டம். பள்ளிக்கூட வாசல். சாவி. நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். அப்போது ஒரு குதிரை வண்டி வருகிறது. மில் முதலாளி இறங்குகிறார். ஹானா சிரித்துக்கொண்டே சாவியை அவர் கையில் கொடுத்துவிடுகிறாள்! அவர் பூட்டுகிறார். மணி அடிக்கிறது, சர்ச், வெள்ளை முக்காடு, எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

பொய். அப்படி ஒரு பக்கமே கிடையாது. என் நோட்டில் பதினோரு பக்கம் இருக்கிறது. எழுதினவர் செத்துப்போய் அறுபது வருஷம் என்பதால் கேட்க ஆள் இல்லையா? விளக்கு போட்ட பிறகும் நான் அழுதுகொண்டிருந்தேன். பின்வரிசை அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "பாத்தியா இருசு, வெள்ளைக்காரனே கடைசியில கல்யாணத்துலதான் கொண்டுபோய் நிறுத்தறான்."

அப்பாவா இதைச் சொன்னது?

பிப்ரவரி 15.

பெண் பார்த்திருக்கிறார்கள். நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மகன் பேர் அழகர்சாமி, முசிறியில் வாழைக்காய் மண்டி. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் எங்காவது வெளியில், தற்செயலாகப் பார்க்கிற மாதிரி பார்ப்பதுதான் வழக்கமாம். அக்காவை அப்படித்தான் சமயபுரம் கோயிலில் பார்த்தார்களாம்.

"அப்ப என்னையும் கோயில்ல காட்டியிருக்கலாம்ல?"

"நான் அதைத்தான் சொன்னேன். கோயிலுக்குன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வருவே, அந்தப் படத்துக்குன்னா சிரிச்ச முகமா வருவேன்னு உங்கப்பாதான்டி யோசனை சொன்னாரு."

அப்பாவின் யோசனை. ஹானாவை அவருக்குச் சொன்னதே நான்தானே. ஒவ்வொரு நாளும், சோறு ஆறுகிற வரைக்கும்...

என்னால் எழுத முடியலை.

பிப்ரவரி 16.

ரோசரிக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மூன்று டிக்கெட், நேர் பின்னால் மூன்று டிக்கெட் என்று விக்டர் மாமாதான் ஒதுக்கினாராம்.

"உங்கப்பா சொல்லக் கூடாதுன்னாருடி. பெரியவங்க சொன்னா நான் என்ன பண்றது?"

"தலைவலின்னியே."

"நெஜமாவே வலிச்சுதுடி."

பெஞ்சில் இடம் மாற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 27. ஞாயிறு.

பிடித்துவிட்டதாம். இன்று வீட்டுக்கே வந்தார்கள். காப்பியை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

பொன்னுத்தாய் அம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "படத்துல அந்த வெள்ளைக்காரப் புள்ளைக்குக் கல்யாணம் ஆவுது, இந்தப் பொண்ணு தேம்பித் தேம்பி அழுவுது! என் பொண்ணு கல்யாணத்துக்கு நானே அப்படி அழுவல. இந்த எளகின மனசு போதும் எங்களுக்கு. நகை நட்டெல்லாம் அப்புறம்."

அதற்காகத்தான் பிடித்ததா? அதற்காகவா?

"நான் அதுக்கு அழலைங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இருசு, உள்ளே போ" என்றார் அப்பா.

போகவில்லை. "புத்தகத்துல அந்தப் பொண்ணு கல்யாணமே பண்ணிக்க மாட்டா. பள்ளிக்கூடம் நடத்துவா. படத்துல சாவிய அந்தாளு கையில குடுக்க வச்சிட்டாங்க. அந்த ஆத்திரத்துலதான் அழுதேன்."

"அட, ஒரு சினிமாவுக்கா இத்தனை!" என்று அந்த அம்மாளின் மகள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அழகர்சாமி அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அப்ப இந்தக் கல்யாணத்துக்கும் அழுவீங்களா?"

"ஆமாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "கெளம்பலாம்மா" என்றார். வாசலில் செருப்பு போடும்போது திரும்பி, "புத்தகத்துல அந்த மில்காரரு என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

"மில்லுக்கே திரும்பிப் போயிடுவாருங்க."

சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் தற்செயலாக என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களோ என்னவோ.

பிப்ரவரி 28.

அப்பா: "நான் உனக்குக் கெடுதலா பண்ணினேன்?"

நான்: "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா."

அப்பா: "சொன்னா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அதனால் ஏமாற்றலாமா?

மார்ச் 4.

முசிறியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண் வாயாடி. அம்மா சாப்பிடவில்லை. அப்பா ஹானாவை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மார்ச் 30.

பரீட்சை முடிந்தது. இங்கிலீஷ் சுலபம். ரோசரி பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தாள். கொடுத்தேன். பேசவில்லை.

ஜூன் 3. வெள்ளி.

பேப்பரில் என் நம்பர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நான்தான் முதலாம். அப்பா பேப்பரை இரண்டு முறை மடித்தார், இரண்டு முறை பிரித்தார்.

ஜூன் 10.

அலமாரி மேல் காலேஜ் விண்ணப்பம். கையெழுத்துப் போட்டே வைத்திருக்கிறார். வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்தாராம், அம்மா சொன்னாள். "முசிறிக்காரங்க சரின்னிருந்தா இந்தக் காகிதம் இங்க இருக்குமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பூர்த்தி செய்தேன்.

ஜூலை 6. புதன்.

காலேஜில் இன்டர்மீடியட் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு புது நாவல் கொண்டுவந்தார். கேட்காமலே. நான்கு நாளில் முடித்துவிடுவேன் போலிருக்கிறது, அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் குழம்புச் சோற்றை முடித்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே, "இதுல முடிவு என்ன இருசு?" என்றார்.

"நீங்களே படிச்சுப் பாருங்கப்பா" என்றேன்.

ரசத்தைத் தொடாமலே மோரை ஊற்றிக்கொண்டார்.