வயிற்றுப்புண் என்று சொன்னோம், அத்தான்

என் அன்பான அத்தான்,

மேலே போயும் வெற்றிலை போடுவதை விட்டிருக்க மாட்டீர்கள். துப்பிவிட்டு வந்து இதை வாசியுங்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுதும் கடிதம். பிழை இருந்தால் நேரில் வந்து திருத்துங்கள்.

உங்கள் மகளின் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். கௌசி இங்கே டொக்டர்தான். ஆனால் லண்டனில் டொக்டராக வேலை செய்ய அவர்களுடைய சோதினையும் பாஸ் பண்ண வேண்டுமாம். அதுவரைக்கும் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர்களைக் குளிக்க வார்க்கிறாள். எழுத்துச் சோதினை முதல் தரமே பாஸ். செய்முறைச் சோதினையில்தான் போன வருடம் விழுந்தாள்.

அது ஒரு கூத்து, அத்தான். வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் சம்பளத்துக்கு நடிக்கிற ஒரு நோயாளி. மணி அடித்ததும் உள்ளே போய், சில நிமிடங்களுக்குள் விசாரித்து, சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். ஓர் அறையில் ஒரு மனுசிக்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டியிருந்தது.

“மாமா, ‘உங்களோடை ஆர் வந்திருக்கினம், அவையைக் கூப்பிடுங்கோ’ எண்டு அந்த மனுசியைக் கேட்டிட்டன்” என்று கௌசி போனில் சொன்னாள்.

“அதிலை என்னடி பிழை?”

“நோயாளிக்குத்தான் முதல் சொல்லோணும், மாமா. நான் பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லிச் சொல்லியே நேரத்தை முடிச்சுப்போட்டன்.”

எல்லாவற்றுக்கும் பகிடி விடுகிற நான் அதற்குச் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் ரிப்போட் வந்த அன்று அவள் அதை வாசித்துவிட்டு, “அப்பாவுக்குச் சொல்லுவம்” என்றாள். கதவடியில் மறித்தவன் நான்தான். “மனுசன் பயத்திலேயே போயிடும். வயித்துப்புண் எண்டு சொல்லு.” பிள்ளை உள்ளே போய் அப்படியே சொன்னாள். கட்டிலில் கிடந்து நீங்கள் என்னைக் கேட்டீர்கள்: “மச்சான், வயித்துப்புண்ணுக்கு இவ்வளவு பேர் அழுவினமோ?”

“அக்கான்ரை சமையலைத் தின்னுறவை எல்லாரும் அழத்தானே வேணும்” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். தெரிந்துதான் சிரித்தீர்களா, அத்தான்?

இந்தமுறை சோதினைக்கு நான்தான் அவளுடைய நோயாளி. பின்னேரம் ஓட்டோவை நிழலில் விட்டுவிட்டு, போனை முன்னால் வைத்துக்கொண்டு இருமுவேன், முனகுவேன். “மாமா, நெஞ்சுநோவெண்டு சொல்லிப்போட்டு ஏன் காலைப் பிடிக்கிறியள்?” என்று ஏசுவாள். இங்கிலீசைப் பிறகு பார்ப்போம், முதலில் தமிழில் சொல்லிப் பழகு என்றேன். எல்லா நோயையும் அழகாகச் சொன்னாள். புற்றுநோய் வந்தால் மட்டும் நாக்குச் சுழன்று வேறெங்கோ போகும்.

ஒருநாள் யோசிக்காமல், நீங்கள் கட்டிலில் கிடந்து கேட்ட மாதிரியே என் வாயில் வந்துவிட்டது. “பிள்ளை, வயித்துப்புண்ணுக்கு ஏன் உப்பிடி முழிக்கிறாய்?” போனில் அவள் முகம் அப்படியே நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, அது புண் இல்லை” என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். நான் நடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சோதினையை முடித்து, முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஓட்டோவில் ஏறினவர்களை எங்கே இறக்கினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. இணுவில் கோயில் கந்தசாமியார்கூட என் நச்சரிப்புத் தாங்காமல் முகத்தைத் திருப்பியிருப்பார்.

நேற்றுப் பின்னேரம் அழைப்பு வந்தது. அக்கா பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா.

“மாமா, அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?”

அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“ரிசல்ட் இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. அவவுக்குப் பிரசர், தாங்கமாட்டா.”

அது நான் கதவடியில் சொன்ன அதே கதை, அத்தான். வாயில் ஒரு பகிடி தயாராக வந்து நின்றது. விழுங்கிவிட்டு, “அக்கா, பிள்ளை கதைக்கோணுமாம்” என்று ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நீட்டினேன்.

நான் அவளுக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு அவளுடைய குரல் கேட்டது.

“அம்மா, நிக்காமல் இருந்துகொண்டுதானே கேக்கிறியள்? நான் சொல்லப்போறது நல்ல செய்தி இல்லை.” நிறுத்தினாள். “நான் பாஸ் பண்ணேல்லை.”

அதோடு பேசாமல் இருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஓடி வரவில்லை.

“இன்னும் எத்தினை தரம் எழுதலாம்?” என்று அக்கா கேட்டா.

“விசா முடிய முதல் ஒருக்கா.”

“பிறகு?”

“பிறகு இல்லை, அம்மா. திரும்பி வரோணும்.”

அக்கா முருங்கைக் காம்பை முறித்துக்கொண்டே இருந்தா. “அப்ப இருந்து படி. சாப்பிட்டியோ?”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னா: “அவருக்கும் உப்பிடி இருத்திவைச்சுச் சொல்லியிருக்கலாம்.”

அதனால்தான் இந்தக் கடிதம். அத்தான், இருந்துகொண்டு கேளுங்கள். நல்ல செய்தி இல்லை. உங்களுக்கு இருந்தது வயிற்றுப்புண் இல்லை. புற்றுநோய். பிள்ளை சொல்ல வந்தாள். மறித்தது நான்.

இனி நான் பேசாமல் இருக்கிறேன். ஏசுவதென்றால் ஏசுங்கள்.

நாளை பின்னேரம் மறுபடி நான் நோயாளி. கடைசித் தரம் வென்றாலும் தோற்றாலும், அக்காவுக்குச் சொன்ன கையோடு உங்களுக்கும் சொல்லுவேன், உள்ளது உள்ளபடி. இது சத்தியம், பகிடி இல்லை.

உங்களிடம் ஒரேயொரு பொய் சொன்ன,
உங்கடை மச்சான்
ராசன்