கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

இன்று காலையில் பார்வதி ரத்த அழுத்த மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விழுங்கும் வரை நகராமல் நின்றாள். விழுங்கினேன். "ஆ காட்டுங்கப்பா" என்றாள். பேரன் பேத்தி எடுத்த நம் மகள், எண்பதைத் தாண்டிய என்னிடம் கேட்கிறாள். நேற்று பூந்தொட்டி மண்ணில் ஒரு மாத்திரையைக் கண்டெடுத்தாளாம். வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். அடித்தொண்டையில் கசப்பு நின்றது. அந்தக் கசப்போடு நீயும் வந்து நின்றாய்.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதில்லை. ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் கிடப்பவளுக்கு எதற்குக் கடிதம்? எஸ்டேட் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன் நான். என் எழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. அதனால் இதை இன்றைக்கே எழுதி முடித்தாக வேண்டும்.

பெரும்பாலும் உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். திரும்பச் சொல்லிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. பத்தாங் பெர்ஜுந்தை சாலையோரம் இருந்த நம் எஸ்டேட்டில், லயங்களை எல்லாம் ஒன்றாக நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே வாசல். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். சோற்றுக்கு இருந்த அதே கட்டுப்பாடு மருந்துக்கும் இருந்தது. ஜெராமிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூவுவார். நீ இந்தப் பக்கம் நின்று பேரம் பேசுவாய். கம்பி நடுவில் இருந்தும் விலை குறைந்தது. உன் வாய் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் குளிர்காய்ச்சலுக்கு அந்த வெள்ளை மாத்திரை வந்தது. அதற்கு முன்பு கொய்னாத் தண்ணீர்தான். காது இரையும், காய்ச்சல் போனாலும் போகும், போகாமலும் இருக்கும். புது மாத்திரை அப்படியில்லை. அதிகாலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒன்று. கொஞ்ச நாளில் ஆண்கள் நடுங்குவது குறைந்தது. கங்காணி காலத்தில் இருந்து லயத்தில் குடியிருந்த காய்ச்சல், மூட்டை கட்ட ஆரம்பித்தது போல இருந்தது.

ஆனால் மாத்திரை, வேலைக்காரர் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் இருந்தவர்களுக்குத்தான். மரம் வெட்டுகிறவன் படுத்துவிட்டால் பால் குறையும், அதனால் அவனுக்கு மருந்து. பிள்ளைகள் படுத்தால் என்ன குறையப் போகிறது? பார்வதிக்கு நாலு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். கை கால் குச்சியாகி, இடது விலாவுக்குக் கீழே வயிறு கல்லாக இருந்தது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார், மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட டிரெசர்.

"அய்யா, அந்த வெள்ள மாத்திரையில ஒண்ணு குடுங்களேன்" என்று நீ கேட்டாய்.

"வேலைக்காரர் கணக்குக்குத்தாம்மா வருது. ஒண்ணு குறைஞ்சாலும் காட்டுக்குக் குடுத்தியான்னு கேப்பாங்க. என் கையில இல்ல."

நல்ல மனிதர். நம் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இங்கே என் பதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டோரில் வாளி கழுவிக்கொண்டிருந்த என்னை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கூப்பிட்டு, பெரட்டில் மாத்திரை போட்டவர்களுக்குத் தண்ணீர் ஊற்றி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். மாத்திரையை ஒளித்து எடுத்துப்போய்விடக் கூடாதல்லவா? வாழ்க்கையில் முதல் முறையாக என் பேச்சுக்கு ஊரே வாயைத் திறந்தது. அதற்காகவே சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு போவேன். "ஆ. நாக்கத் தூக்கு. சரி, போ." நீ வரிசையில் வந்தால் குரலை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொள்வேன். நீ வெற்றிலை ஒதுக்கிய வாயைத் திறந்து, சாதுவாக நாக்கைத் தூக்கிக் காட்டுவாய்.

அந்த வெற்றிலைக்குள் மாத்திரை இருந்தது.

பெரட்டு முடிந்து லோரி ஏறுவதற்கு முன், பெண்கள் எல்லாரும் ஆயாக் கொட்டகைக்கு ஒரு நடை போவீர்கள். விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். ஆயா சீனியும் கல்லும் தயாராக வைத்திருப்பாள், மாத்திரையைத் துடைத்துப் பாதியாக உடைத்துக் கரைத்துப் புகட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியாது. பார்வதி எழுந்து உட்கார்ந்தபோது, என் வேண்டுதல் பலித்தது என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். நீ அந்தத் தேங்காயைச் சில்லுப் போட்டுத் தின்றுகொண்டு, "ஆமாங்க, உங்க வேண்டுதல்தான்" என்றாய்.

பிறகு நீ நடுங்க ஆரம்பித்தாய். உனக்கு வர வேண்டிய மருந்து அவளுக்குப் போனால் வேறென்ன ஆகும்? போர்வைக்கு மேல் சாக்கைப் போட்டும் கட்டில் ஆடியது. மறுநாள் எழுந்து பெரட்டுக்கு வந்து, அப்போதும் விழுங்காமல் வாயைக் காட்டினாய்.

லோரி முன்னதாகவே வந்துவிட்ட அந்தக் காலையில்தான் எல்லாம் வெளியே வந்தது. மண்டோர் விரட்டினார். கொட்டகைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. மத்தியானம் திரும்பியதும் கொடுக்கலாம் என்று நீ மாத்திரையை வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டாய். வாசலில் சோதனை போடும் பெண் பையைக் கவிழ்த்தாள். பாக்கு, சுண்ணாம்பு டப்பா, நடுவில் அந்த மாத்திரை.

வேலிக்கு வெளியே மருந்து. அதற்கு அந்த நாளில் ஒரே அர்த்தம்தான்.

உன்னை ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற பெண்களையும் லோரியில் ஏற்றாமல் பெரட்டுக் களத்திலேயே உட்கார வைத்தார்கள். எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரத் துரை வெளியே வந்தார். மண்டோர்களிடம் கற்ற தமிழ் அவருடையது.

"யாருக்குக் கொண்டு போறது?"

"எம் புள்ளைக்குங்க துரை."

"புள்ளை வேலிக்கு உள்ளே. நீ போறது வெளியே."

"லோரி அவசரப்படுத்திருச்சுங்க. மத்தியானம் வந்து குடுக்கலாம்னு வெச்சேன்."

"பொய் சொல்றா துரை. வாயப் பாத்துத்தான் ஒவ்வொருத்தரையும் அனுப்புறோம்" என்று மண்டோர் என்னைக் காட்டினார். "சொல்லு லா. பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் துரை" என்றேன். "சுத்தமா இருந்துச்சு."

உன்னைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் என் வேலைத் திறமையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆபத்திலும் உன் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது.

"அவர வையாதீங்க துரை. அவரு நாக்குக்கு அடியிலதான் பாப்பாரு. கன்னத்துப் பக்கம் பாக்கத் தெரியாது."

துரை சிரிக்கவில்லை. உள்ளே டெலிபோன் இருந்த மேசைப் பக்கம் திரும்பினார். அதில் அவர் பேசினால் கோலசிலாங்கூரிலிருந்து போலீஸ் ஜீப் வரும். ஜீப்பில் ஏறியவர்களை விசாரணை இல்லாமல் அடைத்ததையும், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியதையும் கேள்விப்பட்டிருந்தோம். நீயோ கப்பலையே பார்க்காதவள், இந்த லயத்தில் பிறந்தவள்.

களத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை, பக்கத்து வீட்டுக்காரி, எழுந்து நின்றாள்.

"துரை, போன் போடறதுன்னா ஜீப்பு பத்தாது. லோரியாச் சொல்லுங்க."

விரலைக் கன்னத்துக்குள் விட்டு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு அவளுடைய நாத்தனார். ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஒருத்தி கொண்டைக்குள்ளிருந்து எடுத்தாள். பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் எழுந்தாள். எங்கே பார்த்தாலும் கைகள், கைகளில் ஈரமான வெள்ளை மாத்திரைகள், சிலதில் வெற்றிலைச் சிவப்பு. நான் பார்த்துச் "சரி, போ" என்று அனுப்பிய அத்தனை வாய்களும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

"என்னா லா இது" என்றார் மண்டோர், யாரிடமும் இல்லாமல்.

"அப்போ இத்தனை நாள் என் மாத்திரை சாப்பிட்டது யாரு?" என்றார் துரை.

"நாங்க பெத்ததுங்க" என்றாள் அஞ்சலை.

அப்போதுதான் நீ பேசினாய். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது.

"கொசு செக்ரோலப் பாத்தா கடிக்குது துரை? எம் புள்ளையக் கடிச்சிட்டு வந்து என்னயக் கடிக்குது. இந்த மருந்தக் கண்டுபிடிச்ச மகராசன் மனுசனுக்குன்னுதானே கண்டுபிடிச்சிருப்பான்? பால் வெட்டுற கைக்கு மட்டும்னு சொன்னானா? நாங்க திருடல. எங்க பங்க எடுத்து எங்க புள்ளைக்குக் குடுத்தோம். புள்ளைக்கும் ஒரு பங்கு குடுத்துட்டீங்கன்னா நாங்க ஏன் கன்னத்துல ஒதுக்கப் போறோம்?"

துரை டிரெசரைப் பார்த்தார். டிரெசர் சொன்னார்: "அந்தம்மா சொல்றது சரிதான் துரை. பிள்ளைங்க ரத்தத்துல காய்ச்சல் இருக்கிற வரைக்கும் கொசு அத எடுத்துக்கிட்டே இருக்கும். லயத்துக்கும் பங்களாவுக்கும் கொசு ஒண்ணுதான்."

துரை தன்னையறியாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

கிழக்கே ரப்பர் மரங்களுக்கு மேல் வெளிச்சம் ஏறிவிட்டிருந்தது. வெயில் வந்தால் மரம் பால் விடாது. அது துரைக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. யாரும் வாளியைத் தொடவும் இல்லை.

"மண்டோர், இப்போ போனா பால் வருமா?"

"இப்பவே போனா வரும் துரை. இன்னும் செத்த நேரம் போனா வராது."

துரை டெலிபோனைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். "புள்ளைக்கு எவ்ளோ?" என்று டிரெசரைக் கேட்டார்.

"அரை மாத்திரை போதும் துரை."

"சரி. புள்ளைங்களையும் பெரட்டுக்குக் கூட்டிட்டு வா."

அதோடு விட்டிருந்தால் நான் மூச்சு விட்டிருப்பேன். நீ விடவில்லை. "இன்னிக்கு மட்டுமா துரை?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டெய்லி" என்றார் துரை. "டெய்லி. இப்போ மரத்துக்குப் போ."

"புள்ளைங்க முழுங்கறதப் பாத்துட்டுப் போறோம்" என்றாய் நீ.

அந்தக் காலையைப் போல ஒரு பெரட்டை அந்த எஸ்டேட் கண்டதில்லை. ஆயா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கூட்டிவந்தாள். நடக்கத் தெரிந்தது, தவழ்வது, மூக்கொழுகுவது, சட்டை போட்டது, போடாதது எல்லாம் மண்டோருக்கு முன்னால் வரிசையில் நின்றன. கசப்பு நாக்கில் பட்டதும் ஒன்று அழுதது. அதைப் பார்த்து எல்லாம் அழுதன. தாய்மார் எல்லாம் சிரித்தீர்கள். பிள்ளைகள் அழ அழச் சிரித்த தாய்மாரை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு பொடியன் மாத்திரையை மண்டோரின் சப்பாத்துக் காலில் துப்பினான். மண்டோர் குனிந்து எடுத்துத் துடைத்து, "முழுங்கு ராசா, உங்கம்மா என்னயக் கொன்னுருவா" என்றார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். அன்றைக்கு யார் வாயையும் பார்க்கவில்லை.

கடைசியில் நீ உன் மாத்திரையை எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு விழுங்கினாய். என்னிடம் வந்து வாயைத் திறந்தாய். "கன்னத்துப் பக்கமும் பாத்துக்குங்க" என்றாய். களமே சிரித்தது. துரையும் அப்போது சிரித்துவிட்டார் என்று அஞ்சலை சாகும் வரை சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் உன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பார்வதியின் வயிறு இளகிவிட்டது. வேலியோரம் ஓடி விளையாடினாள். உன் நடுக்கமும் நின்றது. பக்கத்து எஸ்டேட் பெண்களுக்கும் செய்தி போனது. எந்த வாசலையும் எந்தச் சோதனையையும் தாண்டிப் போகிற ஒரே சரக்கு பேச்சுதானே. அங்கேயும் பிள்ளைகளைப் பெரட்டில் நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது, நீ புது வெற்றிலையாகப் பார்த்து மடித்துப் போட்டுக்கொண்டாய்.

பார்வதியின் மகன் பெரிய படிப்புப் படித்தவன். அறிவியலால் வரும் நன்மையில் எல்லா மனிதருக்கும் பங்கு உண்டு என்று உலக நாடுகள் கூடி எழுதி வைத்திருக்கின்றன, தாத்தா, என்று ஒருநாள் சொன்னான். எப்போது என்று கேட்டேன். அவசரகாலம் தொடங்கிய அதே ஆண்டில் என்றான். நமக்கு யாரும் சொல்லவில்லை. துரைக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ படிக்காமலேயே அதைச் சொன்னாய் என்று சொன்னேன். அவன் நம்பினான். பேரன்களில் அவன் நல்லவன்.

இப்போது அங்கே ரப்பர் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வேலையில் இருப்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார். போன மாதம் நான் மருந்து வாங்கப் போன கிளினிக்கில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வெளியே மரத்தடியில் ஓர் இந்தோனேசியப் பெண், கைக்குழந்தையோடு நின்றாள், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல். எனக்குக் கால் வலி, மலாயும் பாதிதான் வரும். இருந்தாலும் எழுந்துபோய்க் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினேன். பெர்மிட், பாஸ்போர்ட் என்று என்னென்னவோ கேட்டார்கள். நான் நகரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த ஒன்றுதான், நகராமல் நிற்பது. கடைசியில் தாதி ஊசியை எடுத்தாள். அவள் நம் தமிழ்ப் பெண், தமிழிலேயே கேட்டாள்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?"

"என் வீட்டுக்காரி வழியில சொந்தம்மா" என்றேன்.

குழந்தை வீறிட்டு அழுதது. நான் சிரித்தேன்.