மூன்று முறை ஏறிய கம்பம்

திருச்சுழி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கலட்சுமி எழுதுவது. நான், பாப்பா, மாமா மூவரும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், நீங்களோ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் சொல்ல வேண்டியது ஆறு பேருக்கும் அல்ல. உங்களோடு வேலை பார்க்கும் குமாரலிங்கபுரத்து ராஜகுரு லீவு முடிந்து சனிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி உங்கள் கம்பெனி நீட்டும் காகிதத்தில் மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை முழுதாகப் படியுங்கள்.

மாமா காட்டில் குதிரைவாலி விதைத்திருக்கிறார். ஒரு மழை நன்றாகப் பெய்தது. அடுத்ததற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீங்கள் கத்தாருக்குக் கிளம்பும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்து, மறுபடி வெப்சைட் வேலைக்குப் போகலாமென்று இருக்கிறேன் என்றேன். "ஏழு வருசமாச்சுல்ல தங்கம், அந்த வேலையெல்லாம் இப்பச் சின்னப் புள்ளைக பாக்குறது" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மறுநாளே மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். உங்களிடம் மூச்சு விடவில்லை. வீம்புதான், வேறென்ன.

அவர்கள் பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்தார்கள். டிராக்டர் வாடகைக்குப் பதிவு செய்கிற பக்கம் ஒன்று, பத்து நாள் கெடு. பூ, இவ்வளவுதானா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஃபைலை எழுதி, சர்வரில் ஏற்றினால் பக்கம் திறந்துவிடும். இப்போது திரையில் "வணக்கம்" என்று ஒரு சொல் வருவதற்கு முன்னால் யார் யாரோ எழுதிவைத்த ஆயிரத்து இருநூறு சின்ன நிரல் பொட்டலங்கள் நெட்டிலிருந்து இறங்க வேண்டும். ஒன்று இன்னொன்றைக் கூட்டி வா என்கிறது. அந்த இன்னொன்று, நான் பழசு, என் புது ஆளைத் தேடு என்கிறது. போன வருடத்துப் பாடத்தைப் படித்தால் இந்த வருடம் செல்லாதாம். முதல் நாள் முழுக்க எழுதியது ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொன்னது நிஜமோ என்று அன்றைக்கு அழுதேன்.

இதையெல்லாம் லேப்டாப்பில் நேராகவும் செய்யக் கூடாது என்றார்கள். லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஒன்றை உண்டாக்கி, அதற்குள்தான் செய்ய வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். கையால் தொட முடியாது, ஆனால் தனி நெட்வொர்க் முதற்கொண்டு அதற்கு உண்டு. உண்டாக்கிவிட்டேன். உள்ளே நெட் மட்டும் வரவில்லை, பொட்டலம் ஒன்றுகூட இறங்கவில்லை. மாமா தினமும் சாயங்காலம், "ஏத்தா, அந்தப் பொட்டிக்குள்ள தண்ணி வந்துருச்சா?" என்று போர் போட்ட இடத்தில் கேட்பதுபோல் கேட்பார்.

நெட் லைன்தான் பலவீனம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நம் தெரு கேபிள்காரர் மாரிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டுக் கம்பத்தில் ஏற்றினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று இறங்கினார். மறுநாள் மறுபடி ஏற்றினேன். கம்பத்து உச்சியில் குளவி கொட்டி, அவருக்கு இடது கண் வீங்கிப்போனது. அப்போதும் என் மனசில் ஈரம் வரவில்லை, உங்கள் வயரே மட்டம் என்று சண்டை போட்டேன். மூன்றாம் நாள் ஒற்றைக் கண்ணோடு ஏறி இறங்கியவர், கோபப்படாமல் சொன்னார்: "ஏம்மா, டிவி ஓடுது, உன் போனு ஓடுது, லேப்டாப்புலயும் ஓடுது. வீடு வரைக்கும் வந்தது உள்ள எங்க நிக்குதுன்னு நீதான் பாக்கணும்."

பார்த்தேன். மெஷினை உண்டாக்கும்போது, லேப்டாப்போடு மட்டும் பேசு, வெளியே எவரோடும் பேசாதே என்கிற அமைப்பை நானே போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால்தான் உள்ளே செய்யும் பக்கத்தை லேப்டாப்பில் பார்க்கலாம் என்று வீடியோவில் ஒருத்தன் சொன்னான். வெளியே போக இன்னொரு வழியும் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது வழியைத் திறந்துவிட்ட நிமிடம் பொட்டலங்கள் மளமளவென்று இறங்கின. அடச்சீ என்றிருந்தது. அண்ணன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். குளவிக்கூட்டையும் கலைத்தாயிற்று, விடு என்றார்.

ஒன்பதாம் நாள் பக்கத்தை அனுப்பினேன். கூடவே குறிப்பு ஒன்று எழுதச் சொல்லியிருந்தார்கள். கம்பம், குளவி, அடைத்த வழி, என் சண்டை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். இதைப் படித்தால் எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நேற்று அந்தக் கம்பெனியின் சுபத்ரா மேடம் போன் செய்தார்கள். "சரியா ஓடினத எல்லாரும் எழுதுறாங்க, எங்க, ஏன் ஓடலைன்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான்" என்றார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், மாதம் இருமுறை மதுரைக்குப் போனால் போதும்.

சம்பளம் உங்களுடையதற்கு ஈடாகாது, சொல்லிவிடுகிறேன். ஆனால் சோற்றுக்குக் குறைவு வராது. காட்டுக்கும் மாமாவுக்கும் ஆள் வேண்டும். எனக்கும் வேண்டும் அத்தான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஆவணியிலிருந்து நீங்கள் கூப்பிடும்போதெல்லாம், லைன் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்கிறது என்று போனை வைத்தேன் அல்லவா? அத்தனையும் பொய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நம் ஊர்ச் சுழியல் சாமி உங்களைக் காக்கட்டும். இது கிடைத்த அன்றைக்கே கூப்பிடுங்கள். நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கம்.