பிரகாசம், உன் பிஸ்டல் எனக்கு வேண்டாம்

கூடப் பிறக்காமலேயே பதினாறு வருடம் கூட நடந்த என் தம்பி ஞானப்பிரகாசத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் நன்றாக இருப்பாய். மிலிட்டரிக்காரனுக்கு எங்கே போட்டாலும் தூக்கம் வரும் என்று நீயே சொல்வாய். இங்கே நானும் சௌக்கியம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மஞ்சள் காமாலையில் கிடந்தபோதும் நீ உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் பூட்டா நீ தனியா எப்படி நடமாடுவே அண்ணாத்தே?" என்றுதான் கேட்டாய்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் சனமெல்லாம் மெழுகுவர்த்தியோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு லேத் மேஸ்திரி நடுவில் போய் நின்று துப்பாக்கிப் பேச்சு பேசினால் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன். உங்கள் கோவில் மலரில் போடுவதற்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். ஊர் படிக்கட்டும். இதில் பாதி ஊருக்கு ஏற்கெனவே தெரியும், அதுவும் தப்பாகத் தெரியும். அதற்குக் காரணம் நீ. அந்தக் குறை எனக்கு உன்மேல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் என் பட்டறைக்குப் பக்கத்தில் என்னுடைய மண்ணில் ஒரு வழி இருக்கிறது. செங்கல் சூளை ஏகாம்பரம் அந்த வழியாக லாரி ஓட்டினான். நான் வழியை மறித்துக் கல் நட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் ஆட்கள் நாலு பேர் வந்து என் இடது மணிக்கட்டை உடைத்துவிட்டுப் போனார்கள். நான் கல்லைப் பிடுங்கவில்லை. ரிவால்வர் லைசென்ஸுக்கு மனு போட்டேன். கலெக்டர் ஆபீசில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஆறாவதோடு நின்றவன் நான். லேத் மெஷினோடு வந்த புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். ஆயுதச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்து மூன்றாவது மனுவை நானே எழுதினேன். அதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. லைசென்ஸ் வந்தது.

சுடக் கற்றுக்கொடுத்தவன் நீ. அப்போது நீ மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்து பாங்கு வாசலில் கன்மேனாக நின்றுகொண்டிருந்தாய். கற்றுக்கொடுத்ததோடு விட்டாயா? இல்லை. அன்றையிலிருந்து பிடித்தாய்.

"ஒண்ணு பத்தாது அண்ணாத்தே. பெருசு இடுப்புல இருக்கட்டும். சின்னது ஒண்ணு உள்ள இருக்கணும். பெருசு மக்கர் பண்ணா இன்னா செய்வே? கொஞ்சம் இருப்பா, ரிப்பேர் பண்ணிக்கினு வரேன்னு சொல்லுவியா?"

"நான் எண்ணெய் போட்டு வச்ச மெஷின் மக்கர் பண்ணாது."

"எல்லையில என் பக்கத்துல கிடந்தவன் ரைபிளுக்கும் எண்ணெய் போட்டுத்தான் இருந்துச்சு."

அந்த ஆளைப் பற்றி நீ அதற்கு மேல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, இரண்டாவதை எங்கே வைப்பது என்று கேட்டேன். கணுக்காலில் கட்டு என்றாய். வேட்டி கட்டுகிற மனிதனுக்குக் கணுக்காலில் பிஸ்டல். "மடிச்சுக் கட்டினா ஊருக்கே தெரியும்டா" என்றேன். "அப்ப மடிச்சுக் கட்டாத." "மழைக்காலத்துல சேத்துல எப்படி நடக்கறது?" "பேண்ட் போடு." நாற்பது வருடமாக வேட்டி கட்டினவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அதோடு நாம் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் உன்னுடைய ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வரவே இல்லை. பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் மோட்டார் பெல்ட்டைக் காட்டிக் கேட்டாய். "அது எதுக்கு?" "ஸ்பேர் பெல்ட். ஓடறது அறுந்துட்டா வேலை நிக்கக் கூடாதே." நீ பீடி பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு வருடக்கணக்கில் என்னை உறுத்தியது.

தை மாதம் உன்னைப் புதைத்தோம். அன்று நான் செய்ததை யாரும் என் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். குழியில் பெட்டியை இறக்கினபிறகு வரிசையாகக் குனிந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. குனிந்தேன். இடுப்பிலிருந்த ரிவால்வர் உறையோடு நழுவியது. உன் பெட்டிமேல் விழுந்துவிடுமோ என்று வலது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையை எடுக்க முடியவில்லை. மண் குவியலின் மேலிருந்து கொஞ்சத்தை இடது கையால், அந்த உடைந்த கையால், கிள்ளிப் போட்டேன். யாருக்காவது இடது கையால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்போமா? உனக்கு மண்ணைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ரிவால்வரைக் கழற்றி வைத்தேன். ஏன் இடது கையால் போட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வாரம் கழித்து உன் மனைவி ஆரோக்கியம் வந்தாள். உன் பிஸ்டலைச் சட்டப்படி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னாள். நான் மனு போட்டால் என் பேருக்கு மாற்றிக்கொள்ளலாமாம். "அவரு சொல்லிட்டுப் போனாருண்ணா. அது உங்க இடுப்புல இருக்கணும்னு. மத்த எதையும் சொல்லல, இதை மட்டும் ரெண்டு தபா சொன்னாரு." கையில் காகிதத்தையும் கொண்டு வந்திருந்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். செத்தவன் சொன்ன சொல்லை எப்படித் தட்டுவது? உயிரோடு இருந்தவரை உன்னை எதிர்த்துப் பேசிவிட்டேன். நீ போனபிறகு அது முடியவில்லை. காகிதத்தில் பேர் எழுதினேன், ஊர் எழுதினேன், கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.

சித்திரையில் எலெக்‌ஷன் வந்தது. வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்து நின்றது யார் தெரியுமா? ஏகாம்பரம்.

நான் ரிவால்வரை மேசைமேல் வைத்தேன். ஏட்டு சீட்டு எழுத ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஏகாம்பரத்தின் குரல்.

"இன்னா மேஸ்திரி, ஒண்ணுதானா? இன்னொண்ணு எங்க?"

"எந்த இன்னொண்ணு?"

"உள்ள ஒண்ணு வச்சுக்கினு கீறேன்னு ஊரே பேசிக்குதே."

ஏட்டு பேனாவை வைத்துவிட்டார். "யோவ், லைசென்ஸ்ல ஒண்ணுதான போட்டுக்கீது? திருட்டுத் துப்பாக்கி வச்சுக்கினு கீறியா நீ?"

இல்லை என்றேன். நம்பவில்லை. அவ்வளவு பேர் முன்னால் என்னை வேட்டியை அவிழ்க்கச் சொன்னார். அறுபத்து மூன்று வயதில் ஸ்டேஷனில் காக்கி டிராயரோடு நின்றேன் பிரகாசம். கணுக்கால்வரை தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கேஸ் எழுதியிருந்தால் லைசென்ஸும் போய் நானும் உள்ளே போயிருப்பேன்.

ஏகாம்பரத்தின் முகம் மாறிவிட்டது. அவன் முறை வந்ததும் பையிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தான். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றுக்குக் கீழேயிருந்து சின்னதாக ஒரு பிஸ்டலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டுக்கும் லைசென்ஸ் இருந்தது.

வெளியே வந்ததும், "டீ குடிக்கறியா மேஸ்திரி?" என்றான். அவன் காசில் குடிக்க மாட்டேன் என்றேன். "அப்ப உன் காசுல குடி, நான் பக்கத்துல நிக்கறேன்." நின்றான். "உன் ஹவில்தார் சொன்னான்யா. மேஸ்திரி ரெண்டு வச்சுக்கினு சுத்தறாரு, ஜாக்கிரதைன்னு. அதுக்கப்பறம்தான் நான் இந்தச் சின்னதை வாங்கனேன். நிம்மதியே இல்ல. ஒரு நாள் லாரில ஏறறப்ப அதுவா வெடிச்சிடுச்சு. சீட்ல ஓட்டை. இவ்ளோ தள்ளியிருந்தா என் தொடை பூட்டிருக்கும்." விரலால் அளவு காட்டினான். இரண்டு விரற்கடை இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. நான் கட்ட மாட்டேன் என்றதும் என் இடுப்பில் நீயே வாய்வார்த்தையாக ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறாய். என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய், தெரியும். ஆனால் என்னிடம் இல்லாத துப்பாக்கிக்குப் பயந்து அவன் இருக்கிற துப்பாக்கியை வாங்கியிருக்கிறான். அவன் வாங்கியது தெரிந்திருந்தால் நானும் உன் பேச்சைக் கேட்டிருப்பேன். அப்புறம் அவன் மூன்றாவதைத் தேடியிருப்பான்.

இப்போது உன் பெல்ட்டுக்கு என் பதில். ஆணியில் மாட்டியிருக்கிற ஸ்பேர் பெல்ட்டைப் பார்த்துப் பக்கத்துப் பட்டறைக்காரன் பயப்பட மாட்டான். பதிலுக்கு இரண்டு பெல்ட் வாங்கிச் சட்டைக்குள் சொருகிக்கொள்ளவும் மாட்டான். இதற்கு நீ என்ன சொல்வாய்? ஏதாவது சொல்லத்தான் சொல்வாய்.

வைகாசியில் எலெக்‌ஷன் கூட்டத்துக்கு வந்த பெரிய தலைவரை நம் ஊரில் வெடிகுண்டு வைத்துக் கொன்றதை நீ பார்க்காமல் போனதே நல்லது. உலகமே நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அழுதது. அன்று அங்கே ஆயுதத்தோடு காவலுக்கு நின்றவர்கள் இல்லையா? அதைப் பற்றி எழுத நான் யார். ரோட்டில் பத்து அடிக்கு ஒரு போலீஸ்காரர் நின்றார். என்னைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தித் தடவினார்கள். இடுப்பில் ஒன்றும் இல்லை, போங்க பெரியவரே என்றார்கள். துப்பாக்கிகளையும் உடனே திருப்பித் தரவில்லை.

அந்த மாதங்களில்தான் ஒன்று கவனித்தேன். குன்றத்தூர் மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். படியேறி முருகனைக் கும்பிட்டேன். ரிவால்வரோடு கோவிலுக்குள் போகக் கூடாது என்று ஆறு வருடமாக அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தொடை மடிப்பில் இரும்பு குத்தவில்லை. இரண்டாவது தடவை சாம்பார் வாங்கினேன். மழை பெய்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தேன்.

ஆவணியில் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். போனேன். ஏகாம்பரம் எனக்கு முன்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நீ எடு மேஸ்திரி."

"முன்னாடி வந்தவன் நீ. நீ எடு."

"நீ எடுத்தா நான் எடுக்கறேன்."

"நீ எடுத்தாதான் எனக்கு அது வேணும்."

ஏட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யோவ், எவனாவது ஒருத்தன் கையெழுத்து போடுங்கய்யா. எனுக்குப் பசிக்குது." நான் போடவில்லை. அவனும் போடவில்லை. பிடிவாதத்தில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவனும் சளைத்தவன் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏட்டு சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வெறும் கையோடு பஸ் ஏறினோம். இன்றுவரை அவன் போகவில்லை, நானும் போகவில்லை. என்னுடையது ஒன்று, அவனுடையது இரண்டு, உன்னுடையது ஒன்று, நாலும் ஸ்டேஷனில் ஒரே இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. ஏட்டு மூன்று தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

இதனால் நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. வழக்கு நடக்கிறது. கல் நட்ட இடத்தில் இருக்கிறது. ஒரு விரற்கடை நகராது.

போன வாரம் ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். துப்பாக்கிக் கடைக்கே அனுப்பிவிடு என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு மேல கோவமாண்ணா?" என்றாள். ஊருக்கு நீ சொன்ன பொய்யைச் சொன்னேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

"அவரு எங்கண்ணா ஊருக்குச் சொன்னாரு? சூளைக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. பால் வாங்கறப்ப, தண்ணி பிடிக்கறப்ப, மத்தவங்களுக்கெல்லாம் சொன்னது நானு."

பிறகு காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நீ சொன்னதை நான் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு அப்போதே போய்விட்டது. உனக்கு இருந்தால் பொறுத்துக்கொள். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லையில் உன் பக்கத்தில் கிடந்தவனைத்தான் நீ ஒவ்வொரு நாளும் என் இடத்தில் வைத்துப் பார்த்தாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை பிரகாசம். நாளைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். இன்றைக்கு நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். உன் தலைமாட்டில் கல்லறை கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, மண் போட்டு மேடு பண்ண வேண்டும் என்று ஆரோக்கியம் சொன்னாள். ஆள் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வந்து, நன்றாகக் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
வெறும் இடுப்போடு நடக்கும் உன் அண்ணாத்தே,
கன்னியப்பன்