சாப்பாடு தீர்ந்தது வருவதற்கு முன்பா, பின்பா?

மார்ச் 3
என் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நேரே இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஜூனில் பிரசவம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அப்போது நடுக்கடலில் இருப்பார். அவள் வீட்டில் துணைக்கு ஒருவர் தங்கத்தான் இடம். "வலி எப்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு நர்ஸ்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும்மா. யாருக்கு இங்கிலீஷ் வருதோ அவங்க வாங்க" என்றுவிட்டாள். பெற்றவளுக்கே பரீட்சை!

வகுப்பில் முதல் வரிசையில் யார்? மாப்பிள்ளையின் அம்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற என் சம்பந்தி. அவரிடமும் மகள் இதையே சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 5
டீச்சர் எங்களையே ஜோடி சேர்த்தார். ஒருவர் நடந்து முடிந்ததை இரண்டு சின்ன வாக்கியமாகச் சொல்ல, மற்றவர் வென், வைல், பிஃபோர், ஆஃப்டர் ஏதாவது போட்டு ஒன்றாக்க வேண்டும். எங்களுக்குள் நடந்து முடிந்தது ஒன்றே ஒன்றுதான் — கல்யாணம்.

நான் சொன்னது: மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தார்கள். சாப்பாடு தீர்ந்தது.

அவர் எழுதியது: நாங்கள் வருவதற்கு முன்பே சாப்பாடு தீர்ந்திருந்தது.

தாமதம் எங்கே போயிற்று? டீச்சரிடம் நீட்டினேன். "வெரி குட்" என்று டிக் போட்டார். எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறேன், இந்த டீச்சருக்கு மட்டும் என் பக்கம் தெரியவில்லை.

மார்ச் 12
இன்று சம்பந்தி சொல்லும் முறை. "பெண்ணின் அம்மா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் பசியோடு நின்றார்." இதை நான் வேறு சேர்த்துத் தர வேண்டுமா? பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப நானும் இனிமே எதுவும் சொல்லல. நீங்களே சொல்லுங்க, நான் சேத்துக்கறேன்" என்றார். சரிதான் போங்க!

ஏப்ரல் 2
சம்பந்தியோடு பேச்சில்லை. பயிற்சி மட்டும் உண்டு.

ஏப்ரல் 20
மகள் போனில் நர்ஸாக நடித்து எங்கள் இருவரையும் சோதித்தாள். எனக்குத் துண்டு துண்டாக வந்தது: சாப்பிட்டாள். எழுந்தாள். வலி வந்தது. எது முன், எது பின்? சேர்க்க வரவில்லை, ஐயோ. அது எப்போதும் அவர் வேலையாயிற்றே. சம்பந்திக்கோ யாராவது எடுத்துக் கொடுக்காமல் வாயே திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேந்தாதான் ஒரு ஆளு தேறும் போல. ரெண்டு பேருமே வாங்க. ஒரே கட்டில்தான், சொல்லிட்டேன்" என்றாள்.

ஜூன் 8
ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது மகளின் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் வலியில் முனகுகிறாள். சம்பந்தி என் கையைப் பிடித்தார். "பயப்படாதீங்க. பிரேக்கிலேருந்து கால எடுங்க, சொல்லுங்க."

உட்கார்ந்திருந்தாள், பனிக்குடம் உடைந்தது என்றேன். அவர் வென் போட்டுச் சேர்த்தார். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பேத்தி. தாயும் சேயும் நலம். என் கைக்குட்டையிலேயே அவரும் அழுதார்.

ஜூன் 10
"கல்யாணத்தன்னிக்கு நாங்க லேட்டுதான், சம்பந்தி." தானாகவே சொன்னார். சமையல்காரரிடம் சாப்பாட்டைக் கொஞ்சம் கூடவே சொல்லியிருக்கலாம் என்று நானும் சொன்னேன்.

மாலையில் குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று சண்டை. தமிழில்தான். டிக் போட ஆளில்லாததால் இன்னும் முடியவில்லை.