கொட்டாத இடம்

தூத்துக்குடி,
சித்திரை, 1946

வடிவின் அப்பாவுக்கு,

பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய கருப்பட்டியைத் தேடி வந்த தேனீ ஒன்று அவள் விரலில் கொட்டிவிட்டது. நாங்கள் எல்லோரும் விரலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தோம். உதடு வீங்கியதை அழுத வீக்கம் என்றே நினைத்தேன். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஊசி போட்டு மூச்சு சீரானதும் அவர் சொன்னார்: "விரல் எவ்வளவு வீங்குனாலும் பயப்படாதீங்கம்மா. கொட்டாத இடம் வீங்குனாத்தான் ஆபத்து. இன்னொரு கொட்டு இவ தாங்குவாளான்னு சொல்ல முடியாது."

பதநீர் காய்ச்சும் உங்கள் விடிலிக் குடிசையில் எந்நேரமும் தேனீ மொய்க்கும். அங்கே அவளைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. கோபித்துக்கொண்டு வந்தவள்தான், ஆனால் இந்தத் தடவை வீம்புக்குச் சொல்லவில்லை. நீங்கள்தான் இங்கே வர வேண்டும். "அப்பா எப்பம்மா வருவாவ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கருப்பட்டி கொண்டுவர வேண்டாம். பதநீர் வாடையடிக்கும் சட்டையோடு பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். அதற்காக அங்கேயே துவைத்துவிடாதீர்கள். பைக்குள் மடித்துக் கொண்டுவாருங்கள், நானே துவைக்கிறேன்.

உடனே துவைக்க மாட்டேன், வாடை கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா